மருந்து: ஏதுமில்லை

ஜூன் 9

சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் பதிவேடு எழுதிய கை. ஒருநாள் எழுதாவிட்டால் நமைக்கிறது. அதனால் சென்னைக்குக் கிளம்பும்போது பெட்டியில் முதலில் வைத்தது இந்த நோட்டைத்தான். சேலையெல்லாம் பிறகு.

எழும்பூரில் பிரிசில்லா நின்றிருந்தாள். என் தம்பி ராஜ்சிங்கின் மனைவி. நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். "வந்துட்டியளா மைனி" என்று கையைப் பிடித்தவள் விடவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு, "முகமெல்லாம் நல்லா பூசினாப்ல இருக்கிய" என்றாள். இந்த நான்கு வருடமாக எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் இளைக்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்கும்போல.

ராஜ்சிங்குக்கு முப்பத்தொன்பது வயது. தூத்துக்குடியில் லாரிகளுக்கு பேட்டரி, லைட் வேலை பார்க்கிறவன். ரத்தப் புற்றுநோய். இரண்டு தடவை கீமோ கொடுத்து, போய்விட்டது என்றார்கள். மூன்றாம் மாதமே திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் யாரோ என்று நினைத்து அடுத்த கட்டிலைப் பார்த்தேன்.

"இங்கதான்க்கா இருக்கேன்" என்றான்.

ஃபிளாஸ்கை மேசையில் வைத்தேன்.

காலை: இட்லி இரண்டு, காப்பி, கறுப்புக் குளிகை ஒன்று. மதியம்: தயிர்ச்சோறு.

ஜூன் 10

டாக்டர் ஹபீபா. என்னைவிடச் சின்னவர். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"நம்ம ரத்தத்துல கொல்லி அணுக்கள்னு ஒரு வகை இருக்கும்மா. கெட்டுப்போன அணுவைப் பார்த்தா யாரையும் கேக்காம அடிச்சிடும். இதுங்களுக்கு ஞாபகமே கிடையாதுன்னுதான் நாங்க காலேஜ்ல படிச்சோம். இப்போ அப்படி இல்லைன்னு தெரிஞ்சிருக்கு. சில கிருமிகளை ஒரு தடவை பார்த்துட்டா வருஷக்கணக்கா நினைவு வெச்சிருக்கு. வெளிய எடுத்து, மூணு புரதத்துல ஒரு ராத்திரி வெச்சு உசுப்பினா, அந்த உசுப்பலையும் மறக்கறதில்ல. உடம்புக்குள்ள போய்ப் புற்று அணுவைப் பார்த்ததும் முன்னைவிட வேகமாப் பாயுது."

"அவன்கிட்டயே அந்த அணு இருக்குமே?"

"அவரோடது நோயோட பழகிப் போச்சு. பாதியாவது பொருந்தற சொந்தத்துக்கிட்ட இருந்து வேணும். ஊர்ல எடுத்து அனுப்பின உங்க ரத்தம் பாதி பொருந்துது."

"கொடுத்தா சரியாயிருவானா?"

"ஆராய்ச்சியிலதான் இருக்கு. சிலருக்குக் கேட்டிருக்கு, சிலருக்குக் கேட்கலை. நிச்சயம்னு சொன்னா பொய் சொன்னதா ஆயிடும்."

கட்டிலில் கிடந்தவன் வாயைத் திறந்தான். "எங்க அக்கா உடம்புல உள்ள அணுவுக்கா ஞாபகம் இருக்காது டாக்டர்? நாலு வருசமா எங்கிட்டப் பேசல பாத்துக்கிடுங்க."

டாக்டர் சிரித்தார். பிரிசில்லா தரையைப் பார்த்தாள். நான்கு வருடம் முன்பு என் வீட்டுக்காரர் ஞானதாஸ் இறந்தபோது இவன் வரவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், சட்டை கசங்காமல் வந்து நின்றான். லாரி ஒன்று அவசரம் என்றான். அதை நான் மறக்க வேண்டுமாக்கும்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது: இவன் மகள் ரூபி. இருபது வயது, நாகர்கோவிலில் படிக்கிறாள். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் எப்படியும் பாதி பொருந்துமாம். நான் அந்தப் பேச்சை முளையிலேயே கிள்ளிவிட்டேன். குமரிப்பிள்ளை. புற்றுநோய்க்கு ரத்தம் கொடுத்தவள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பெண் பார்க்க வருகிறவன் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான். நான் இருக்கிறேன், அவள் எதற்கு?

காலை: பொங்கல், குளிகை.

ஜூன் 11

சிஸ்டர் மேகலா நீலநிறப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார். கொடையாளர் தினமும் நிரப்ப வேண்டும். உணவு, காய்ச்சல், மருந்து, வேறு தொந்தரவு என்று நான்கு கட்டம்.

சாப்பிட்டதை எழுதினேன். காய்ச்சல்: இல்லை. மருந்து: ஏதுமில்லை. வேறு தொந்தரவு: இல்லை.

இளைப்பு உண்டா என்று வாய்வழியாகவும் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது. ஞானதாஸ் இறந்த வருடம் எனக்குப் படுத்தால் மூச்சு முட்டும். எங்கள் ஊருக்கு மூன்றாவது ஊரில் ஒரு வைத்தியர், பனைவெல்லம் போட்டு உருட்டிய கறுப்புக் குளிகை தருகிறார். சாப்பிட்ட நான்காம் நாளே இளைப்பு போன இடம் தெரியவில்லை. இல்லாத நோயை எதற்குச் சொல்வது? சொன்னால், நீ வேண்டாம், போ என்பார்கள். அப்புறம் ரூபியைக் கூப்பிடுவார்கள்.

குளிகை ஒன்றும் மருந்து இல்லை. மூலிகை.

ஜூன் 12

முன்சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். என் அணுக்களைப் புற்று அணுக்களோடு ஒரு கிண்ணத்தில் விட்டு, எத்தனையைக் கொல்கிறது என்று பார்ப்பார்களாம்.

சிஸ்டர் மேகலா என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா? இவ்ளோ கன்றியிருக்கே." பாத்திரம் தூக்குகிற கை, அப்படித்தான் இருக்கும் என்றேன். சர்க்கரையும் கொஞ்சம் கூட என்றார். பயணத்தில் சாப்பிட்ட அல்வாவாக இருக்கும்.

ஊசி குத்திய இடம் நீலமாக உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14

ஒரு பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமாவது கேட்டால் பைத்தியம் என்பார்கள். என் அணுவுக்கு ஞாபகம் உண்டு என்றால், நான் எதையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறேனோ அதுவும் அதற்குத் தெரியுமோ? அவன் உடம்புக்குள் போய், இவன்தானே அன்றைக்கு வராதவன் என்று அவனையே கடித்துவிட்டால்?

பொறுக்கமாட்டாமல் டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அணுவுக்குக் கோபம் தெரியாதும்மா. எது கெட்டுப் போச்சு, எது நல்லாருக்குன்னு மட்டும்தான் பார்க்கும்."

மனிதர்களுக்கு அப்படி ஒரு புத்தி இருந்தால் நன்றாக இருக்கும்.

காலை: தோசை, குளிகை.

ஜூன் 16

சோதனை முடிவு. நூறு புற்று அணுவில் சாதாரணமாக நாற்பது ஐம்பதாவது சாக வேண்டுமாம். என்னுடையது கொன்றது எட்டு.

டாக்டர் ஹபீபா தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தூங்கி வழியுது. உங்க வயசுக்கு இப்படி இருக்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா? மூட்டு வலிக்கு, இளைப்புக்கு? அது இந்த அணுக்களை அப்படியே அமுக்கிடும்."

"இல்ல டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"மாத்திரையே போடுறதில்ல."

அது பொய்யில்லை. மாத்திரை வெள்ளையாக இருக்கும், அட்டையில் வரும். குளிகை காகிதத்தில் மடித்து வருவது.

21-ம் தேதி மறுபடி ரத்தம் எடுப்பார்கள். கொஞ்சம் தேறியிருந்தால் மறுநாளே ராஜ்சிங்குக்குக் கீமோ. என் அணுவுக்கு இடம் விடுவதற்காக அவனிடம் மிச்சமிருக்கும் எதிர்ப்புச் சக்தியை முதலில் துடைத்துவிடுவார்கள். அப்புறம் அவனைக் காப்பாற்ற என்னுடையது மட்டும்தான்.

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்தேன். பிரிசில்லா, "என்ன மைனி சொன்னாவ" என்றாள். இன்னொரு தடவை பார்க்கணுமாம் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 17

குளிகை சாப்பிடவில்லை. சும்மா, நிறுத்திப் பார்க்கலாம் என்று.

ஜூன் 18

குளிகை இல்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. ஆண்டவரே, இது பிரயாண அசதியாக இருக்கட்டும்.

ஜூன் 19

சோறு இறங்கவில்லை. நாங்கள் தங்கியிருக்கும் வாடகை அறையில் பிரிசில்லா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், அதுவும் வெளியே வந்துவிட்டது. எழுந்தால் தலை சுற்றுகிறது. நெஞ்சில் பழைய விசில் சத்தம்.

நீலப் புத்தகம். வேறு தொந்தரவு: இல்லை.

ஜூன் 20

ராஜ்சிங்கைப் பார்க்கப் போனேன்.

"ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது?"

"படி ஏறி வந்தேன்."

"லிஃப்ட்ல வந்தத நான் பாத்தேன்லா."

பேச்சை மாற்ற அவன் தலையணை உறையை மாற்றினேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கு முடியலன்னா சொல்லிரு. எனக்காவ நீயும் படுத்துட்டா, அத்தான் போனதுக்கு அப்புறம் உனக்கு யாரு இருக்கா?" என்றான்.

பையில் இன்னும் பதினோரு குளிகை இருக்கிறது. எடுத்தால் அணு தூங்கும். எடுக்காவிட்டால் நான் விழுவேன். சொன்னால் ரூபி. சொல்லாவிட்டால் இவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கும் எழுத முடியாது.

ஜூன் 22

நேற்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஞானதாஸின் அடக்க நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் எழுத முடியாமலே போன நாள்.

நேற்றுக் காலை ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தேன். நடைக்கூடம் சரிந்தது. கண் விழித்தபோது கையில் டிரிப்ஸ். ரத்த அழுத்தம் அறுபதுக்கு இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். டாக்டர் ஹபீபா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்களுக்கு என்ன ஊசி போடணும்னு எனக்குத் தெரியணும். என்ன எடுத்தீங்க, எப்போ நிறுத்தினீங்க?"

வாய் வரவில்லை. மூச்சு இல்லாததால் மட்டும் இல்லை. பையைக் காட்டினேன். அவர் நீலப் புத்தகத்தை எடுத்தார். அது இல்லை என்று தலையாட்டினேன். அதற்கடியில் இருந்த இந்த நோட்டைக் காட்டினேன்.

நின்றுகொண்டே படித்தார். ஜூன் 9, 10, 14. பக்கம் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. நடுவில் நிறுத்தி சிஸ்டரிடம் ஊசி சொல்லிவிட்டு மறுபடி படித்தார். அரைமணி நேரத்தில் எனக்குத் தலைச்சுற்றல் நின்றது. உடனே அழுகை வந்துவிட்டது.

"இந்தக் குளிகையில ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு சோதிக்க அனுப்பறேன். நாலு வருஷம் எடுத்ததை இப்படித் திடீர்னு நிறுத்தினா உயிர் போகும், தெரியுமா? இன்னைக்கு உங்களுக்குப் போயிருக்கும்." நோட்டை மூடினார். "அது ஒண்ணு. இன்னொண்ணு, இன்னைக்கு எடுத்த ரத்தம் கொஞ்சம் தேறிக் காட்டியிருந்தா நாளைக்கு உங்க தம்பிக்குக் கீமோ ஆரம்பிச்சிருப்போம். அவர்கிட்ட இருக்கற கொஞ்சநஞ்ச காவலையும் துடைச்சிட்டு, உங்களை நம்பி நிறுத்தியிருப்போம். நீங்க இந்தக் கட்டில்ல கிடந்திருப்பீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நோட்டைத் திருப்பித் தந்திருக்கிறார். 'குளிகை' என்று நான் எழுதிய இடமெல்லாம் பென்சில் கோடு. நான் ஒன்றுமில்லாததைப் போல எழுதிப்போட்ட சொல் அத்தனை தடவை வந்திருக்கிறது.

ஜூன் 24

குளிகையில் டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டுதான். பூசின முகம், கன்றிய கை, சர்க்கரை, எல்லாம் அதன் வேலை. வைத்தியருக்குப் போன் போட்டேன். "சுத்த மூலிகை தாயி, நம்பிச் சாப்பிடுங்க" என்றார். நான் இதுவரை யாரிடமும் பேசாத பேச்சுப் பேசிவிட்டு வைத்தேன்.

இனி அதே மருந்தை வெள்ளை மாத்திரையாக, அளவு குறைத்துக் குறைத்து, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். கொடையாளர் பட்டியலில் என் பேரை அடித்தாகிவிட்டது.

ரூபி காலையில் வந்துவிட்டாள். வந்ததும் நேரே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தாள்.

"எனக்காவத்தான மறச்சிய அத்தை? கல்யாணம், ஊர்ப்பேச்சுன்னு?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் கண் அவள் அப்பன் கண். பொய் வரவில்லை.

"உனக்காவயும்தான். ஆனா நாந்தான் அவனக் காப்பாத்தணும்னு இருந்துச்சு. காப்பாத்திட்டு, நீ வரல, நான் வந்தேன் பாத்தியான்னு அவன் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு."

ரூபி என் கையில் டிரிப்ஸ் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொடுத்தாள். "பரீட்சை முடிஞ்சிட்டு. எனக்கு இப்ப வேற வேலை இல்ல" என்றாள்.

ஜூன் 26

ரூபியின் அணுக்கள் நூற்றுக்கு நாற்பத்தாறைக் கொன்றிருக்கின்றன. கீமோ ஆரம்பம்.

ஜூலை 2

நேற்று ரூபி ஐந்து மணி நேரம் மெஷினில் கிடந்தாள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய் மறு கையில் திரும்ப வந்தது. இன்று மதியம் பிரித்து உசுப்பிய அணுக்களைக் கொண்டுவந்தார்கள். கடையில் ஊறுகாய் வாங்கினால் அதைவிடப் பெரிய பையில் தருவார்கள். இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டது.

கண்ணாடிக்கு வெளியே நாங்கள் மூன்று பெண்களும். பிரிசில்லா ஜெபம் பண்ணினாள். நான் அந்தப் பை காலியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்து: வெள்ளை மாத்திரை, காலை ஒன்று.

ஜூலை 8

அவனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. அணுக்கள் வேலை செய்வதாலும் வரலாமாம், கிருமியாலும் வரலாமாம். இரண்டுக்கும் மருந்து ஓடுகிறது. டாக்டர் ஒரே நாளில் நான்கு தடவை வந்துபோனார். அவர் நான்கு தடவை வருவதுதான் எனக்குப் பயம்.

ஜூலை 9

நூற்று மூன்று. ரூபி என்னிடம், "என் அணு அப்பாவ ஏதும் செஞ்சிருமோ அத்தை" என்றாள். அணுவுக்குக் கோபம் தெரியாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை.

ஜூலை 11

தொண்ணூற்றொன்பது.

ஜூலை 17

கவசம், கையுறை எல்லாம் போட்டு என்னை உள்ளே விட்டார்கள். ராஜ்சிங் கஞ்சி குடித்தான். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"உன் நோட்டப் பத்தி ரூபி சொன்னா" என்றான். "நானும் ஒண்ணு சொல்லணும்க்கா. அத்தான் அடக்கத்துக்கு லாரி வேலன்னு சொன்னேன்லா. லாரி ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"அன்னைக்கே வந்துட்டேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அங்க இருந்து உனக்குப் போன் போட்டேன், நீ அழுத சத்தம் கேட்டுச்சு, வச்சிட்டேன். உன் மூஞ்சியப் பாக்கப் பயமா இருந்துச்சு. உன்கிட்ட வந்து என்னன்னு சொல்ல? ரெண்டு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டுக் கிடந்தேன்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரெண்டு நாள். சட்டை கசங்காமல் வந்ததற்கு அதுதான் காரணம். நான் நான்கு வருடமாக அந்தச் சட்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பயந்துபோய் மறைத்தவனைத் திட்ட எனக்கு வாய் உண்டா? "கஞ்சிக்கு உப்பு போதுமால?" என்று கேட்டேன்.

"போதும்க்கா" என்று சொல்லிவிட்டு அழுதான். நானும்தான். கவசத்துக்குள் மூக்கைத் துடைக்க முடியாமல் பெரிய பாடாகிவிட்டது.

ஜூலை 30

எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். முடிவுக்கு மூன்று நாள்.

ஜூலை 31

ஒன்றும் ஓடவில்லை. மூன்று பேருக்கும் சோறு வடித்து, மூன்று பேருமே சாப்பிடாமல் எடுத்து வைத்தோம்.

ஆகஸ்ட் 2

டாக்டர் ஹபீபா எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதும் பிரிசில்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள். புதுக்கன்றல் வந்திருக்கும், வரட்டும்.

ஜூன் மாதம் மஜ்ஜையில் நூற்றுக்கு முப்பத்தெட்டு கெட்ட அணு. இப்போது மூன்று. ஐந்துக்குக் கீழே என்றால் நோய் அடங்கியதாக வைத்துக்கொள்வார்களாம்.

"அடங்கியிருக்கு. போயிடலை. இந்த அணுக்கள் சில வாரம், மிஞ்சினா சில மாசம்தான் உடம்புல இருக்கும். அதோட ஞாபகமும் அதோட போயிடும். அதுக்குள்ள ரூபியோட மூல அணுக்களை எடுத்து மாற்று சிகிச்சை முடிக்கணும். அதுலயும் ஆபத்து இருக்கு. ஆனா இன்னைக்கு நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கு."

ரூபி, "எப்ப வரணும்" என்று மட்டும் கேட்டாள்.

பிரிசில்லா கண்ணாடிக்கு வெளியே நின்று மூன்று விரலைக் காட்டினாள். ராஜ்சிங்குக்குப் புரியவில்லை. மூன்று மாதம்தான் என்று நினைத்து முகம் செத்துப்போய்விட்டது. நான் ஓடிப்போய் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: நூற்றுக்கு மூன்று. நல்ல செய்திடா.

அறைக்கு வந்து பெட்டியைக் கிளறினேன். நீலப் புத்தகம் அடியில் கிடந்தது. இனிக் கொடையாளர் அல்லாதவளுக்கு அது தேவையில்லை, யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. இருந்தாலும் ஜூன் 11-க்குப் போய் அடித்து எழுதினேன். பிறகு ஒவ்வொரு நாளாக வந்து, இன்றைய பக்கத்தையும் நிரப்பினேன். நாளைக் காலை சிஸ்டர் மேகலாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

உணவு: சோறு, பருப்பு, அவித்த முட்டை.

காய்ச்சல்: இல்லை.

மருந்து: ஸ்டீராய்டு, காலை அரை மாத்திரை. அதற்கு முன் நான்கு வருடம் கறுப்புக் குளிகை, தினம் ஒன்று.

வேறு தொந்தரவு: பயம். ஜூன் 9 முதல்.